தொப்புள்கொடியும் கடைமடையும்

பாக்கு நீரிணையைப் பற்றிப் பேச வருகின்ற எமது எழுத்தாளர்களிடமும் மேடைப் பேச்சாளர்களிடமும் ஒரேயொரு உவமைதான் கைவசம் இருக்கிறது: தொப்புள்கொடி. இராமேஸ்வரத்து மேடையிலும் தொப்புள்கொடி, யாழ்ப்பாணத்து மேடையிலும் தொப்புள்கொடி. கச்சதீவை மீட்கப் புறப்படுபவர் அந்த உறவின் பெயரால்தான் புறப்படுகிறார். அறுந்த வலையோடு கரையேறும் நெடுந்தீவுக் கடற்றொழிலாளிக்குப் பொறுமை போதிப்பவரும் அதே உறவின் பெயரால்தான் போதிக்கிறார். எடுப்பவருக்கும் இழப்பவருக்கும் ஒரே உவமை இத்தனை வசதியாகப் பொருந்துகிறதென்றால் அந்த உவமையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

இந்த உவமையை எமது எழுத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பதே எனது வாதம். அதன் இடத்தில் நான் வைக்க விரும்புவது ஆறு. இரு நாடுகளின் எல்லையைக் கடந்து கிடக்கும் ஓர் ஆறாகவே பாக்கு நீரிணையை நாம் வாசிக்க வேண்டும். தொப்புள்கொடிக்குத் தாயும் பிள்ளையும்தான் உண்டு. ஆற்றுக்குக் கரைகள் உண்டு, துறைகள் உண்டு, தலைமடையும் கடைமடையும் உண்டு. உறவு கொண்டாடி முடித்த பிறகும் எஞ்சி நிற்கும் கேள்விகளை ஆறுதான் கேட்கும்: யாருக்கு எவ்வளவு? யாரால் யாருக்குக் கெடுதி?

1

ஆற்றைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வற்றாது ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் குடாநாடு. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துக் குடித்து, இறைத்துப் பயிர்செய்து வாழ்ந்த சனங்கள் நாம். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடலேரியில் விழுந்துவிடும். தொண்டைமானாறு என்கிறோம், உப்பாறு என்கிறோம், இரண்டும் கடல்நீரேரிகள். ஆறு இல்லாத ஏக்கத்தில் ஏரிக்கு ஆறு என்று பேர் வைத்த ஊர் எமது ஊர்.

1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டம் இந்த ஏக்கத்தின் பொறியியல் வடிவம். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்றின் வெள்ளம் ஆனையிறவுக் கடலேரியில் விழுந்து உப்பாகிப் போகிறது. அந்த ஏரியைக் கடலிலிருந்து அடைத்து நன்னீராக்கி, வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுபோகலாம் என்றார் அவர். அத்திட்டம் முழுமையாக நிறைவேறவே இல்லை. ஆறு வேண்டும் என்று தெற்கே வன்னியைப் பார்த்துக்கொண்டிருந்த நாம், வடக்கே விரிந்து கிடந்ததை ஆறாகப் பார்க்கவில்லை.

ஆறே இல்லாத இந்தக் குடாநாட்டின் முற்றத்தில்தான் பல ஆறுகளின் முடிவு இருக்கிறது. குடகில் பிறக்கும் காவிரியின் கடைசிக் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து கலப்பது பாக்கு நீரிணையில்தான். மதுரையைத் தாண்டி வரும் வைகை பாக்கு விரிகுடாவில் முடிகிறது. எமது பக்கத்திலிருந்து பாலியாறும் பறங்கியாறும் அதே விரிகுடாவில் இறங்குகின்றன. ஆழமும் இங்கே பெரிதாக இல்லை. பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைவு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்த காலத்தில், இது முழுவதும் நடந்து கடக்கக்கூடிய தரை. 1763 தொடக்கம் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த றொபேட் பாக் என்பவரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுதான் ஆகிறது. துறைகளுக்கு அதைவிட வயது கூட.

2

இந்த நீருக்கு ஒரு சட்டமும் இருந்தது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை வரலாற்று மாணவர்கள் அறிவர். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடைமைக்காரனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி. சிங்கள அரசன் ஒருவனின் ஆணை, தமிழ் மொழியில், அயல்நாட்டு வணிகருக்காக. குதிரை வணிகத்தில் அரபு வணிகர்கள் பெற்றிருந்த இடம் எவருக்கும் தெரிந்ததே. அந்தக் கல்வெட்டு யாரையும் இரத்த உறவு என்று அழைக்கவில்லை. கலம் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது. அது போதுமாயிருந்தது.

1344இல் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கியபோது அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி புரிந்தவராக இருந்தார். அவரிடம் கப்பல்கள் இருந்தன, முத்துக்கள் இருந்தன. பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு மஃபருக்கு, அதாவது எதிர்க்கரைத் தமிழ்நாட்டுக்கு, கலம் ஏறினார் பதூதா. ஆழமற்ற நீரில் அக்கலம் சிதைந்தது. உயிர் தப்பிக் கரையேறியவரை அங்கே வரவேற்றது மதுரை சுல்தானின் ஆட்சி. ஒரு கரையில் இந்து அரசனின் விருந்தாளி, மறுகரையில் முஸ்லிம் அரசனின் விருந்தாளி.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று அக்கரையில் எமது ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இக்கடலைத் திரும்பத் திரும்பக் கடந்து வந்து இலங்கையெங்கும் பள்ளிவாசல்களையும் தைக்காக்களையும் எழுப்பினார்கள். நாகூர் ஆண்டகையின் பெயரில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் இன்றும் கொடி ஏறுகிறது. யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடியது இந்தப் போக்குவரத்துத் தந்த காற்றில்தான். ஆலிம்களும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் புடைவைக் கட்டுகளும் ஒரே தோணியில் வந்த காலம் அது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, சென்னையில் வாங்கிய பயணச்சீட்டோடு கொழும்பில் இறங்கலாம் என்றானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆனால் புயலுக்கு முன்னரே வேறொன்று நடந்துவிட்டது. சுதந்திரத்தை அடுத்து வந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களின் பின்னர், நூற்றாண்டுகளாக வந்துபோன தோணி கள்ளத்தோணி ஆயிற்று. தோணி மாறவில்லை, ஓட்டியவன் மாறவில்லை, துறை மாறவில்லை. சட்டம் மாறியது, ஒரு முழு வாழ்க்கைமுறையின் பெயர் வசைச்சொல்லாகியது.

3

பின்னர் கோடுகள் வந்தன. 1974 யூனில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் செய்த உடன்படிக்கை பாக்கு நீரிணையைப் பிரித்தது. சுமார் 285 ஏக்கர் கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணம் இன்றிக் கச்சதீவுக்கு வந்துபோகலாம் என்றும், இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. 1976 மார்ச்சில் அடுத்த உடன்படிக்கை. அதையொட்டிப் பரிமாறப்பட்ட கடிதம், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்றது. இரண்டு வருட இடைவெளியில் ஆறு மதிலாயிற்று. இரு கரையிலும் அந்நீரை நம்பியிருந்த எவரது கையொப்பமும் அந்தத் தாள்களில் இல்லை.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் சிந்து நதிக்காக ஓர் ஒப்பந்தம் செய்தன. பல போர்களைத் தாண்டியும் நின்ற அதை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. கங்கைக்காக 1996இல் இந்தியாவும் பங்களாதேஷும் 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தன. சர்வதேச நீரோட்டங்கள் பற்றிய 1997ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் இரண்டு விதிகளை அடித்தளமாக வைக்கிறது: நீரை நியாயமாகப் பங்கிடு, அடுத்த கரைக்குக் கணிசமான கெடுதி செய்யாதே. குறைகள் இருந்தாலும் இவை ஆற்றை ஆறாக மதிக்கும் ஏற்பாடுகள். பாக்கு நீரிணைக்கு மட்டும் கோடு போதும் என்று டில்லியும் கொழும்பும் முடிவு செய்தன. மீன் கோட்டைப் படிக்காது. இழுவைப் படகும் படிக்கவில்லை.

இழுவைமடி எப்படித் தொழிற்படுகிறது என்று தெரியாதவர்கள் இக்கரைப் பிரச்சினையை வெறும் எல்லைத் தாவாவாக நினைத்துவிடுகிறார்கள். இயந்திரப் படகின் பின்னால் கனத்த பலகைகள் வலையின் வாயை அகல விரித்துப் பிடிக்க, அடிக்கயிறு கடலின் தரையை உரசிக்கொண்டு போகும். இறால்தான் இலக்கு. ஆனால் குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் பாரும் சேர்ந்து வழித்தெடுக்கப்படும். வழியில் கிடக்கும் எமது சிறு வள்ளத்துக்காரரின் வலையும் அறுபடும். 1950களில் நோர்வேயின் உதவித்திட்டத்தோடு இந்தியாவுக்குள் வந்த இத்தொழில், தமிழ்நாட்டுக் கரையில் பெருகி அங்கிருந்த வளத்தைத் தின்று தீர்த்தது. 1983க்குப் பின்னர் போர்க்காலத் தடைகளால் வடக்கின் கடற்றொழிலாளர் கரையில் முடக்கப்பட்டிருந்தபோது இக்கரை நீருக்குள் நுழைந்தது. 2009இல் போர் முடிந்து எமது வள்ளங்கள் திரும்பவும் கடலில் இறங்கியபோது கடல் ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முறை. அந்த இரவுகளில் வலை விரிக்க அஞ்சி எமது ஆட்கள் கரையில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அதுதான் எமது கரை மூச்சுவிடும் காலம்.

எமது பக்கம் தூயது என்று நான் சொல்லவில்லை. குருநகரிலும் பேசாலையிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன. ஆனால் 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எதிர்க்கரையில் அப்படி ஒரு முழுத் தடை வரவில்லை.

இங்கேதான் ஆறு என்ற உவமை தன் வேலையைச் செய்கிறது. காவிரிக்காகத் தமிழ்நாடு எத்தனை காலம் வாதாடியது! 1892, 1924 ஒப்பந்தங்கள். 1990இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம். 1991இல் இடைக்காலத் தீர்ப்பு வந்ததும் பெங்களூர்த் தமிழர் மீது நடந்த வன்முறை. 2007இல் இறுதித் தீர்ப்பு. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இத்தனையிலும் தமிழ்நாடு முன்வைத்த நியாயம் ஒன்றுதான்: மேலே இருப்பவன் பலசாலி என்பதால் கீழே இருப்பவனின் வாழ்வைத் தீர்மானிக்க முடியாது. அது கடைமடைக்காரரின் நியாயம். தஞ்சாவூர் விவசாயியின் நியாயம். நூற்றுக்கு நூறு சரியான நியாயம்.

அதே காவிரியின் நீர் முத்துப்பேட்டையைத் தாண்டிப் பாக்கு நீரிணையில் கலந்த மறுகணம் இந்த நியாயம் எங்கே போகிறது? அங்கே கடைமடை தமிழ்நாடு அல்ல. பருத்தித்துறையும் ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் விடத்தல்தீவும். ஓடுவது தண்ணீர் அல்லாமல் குதிரைவலுவாக இருப்பதால் நியாயம் மாறிவிடுமா? காவிரியில் கர்நாடகம் சொல்வதையெல்லாம் பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டின் படகு முதலாளிகள் சொல்கிறார்கள்: நாங்கள் ஏற்கெனவே முதலிட்டுவிட்டோம், எங்கள் சனங்கள் இதை நம்பியிருக்கிறார்கள், பழைய ஒப்பந்தம் எங்களைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல. 2025 ஏப்ரலில் கச்சதீவை மீட்கக் கோரித் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீவு கிடைத்தால் அதன் பாறையில் என்ன மீன் முளைக்கும்? வழித்துத் துடைக்கப்பட்ட கடலை மறைக்கும் திரைதான் கச்சதீவு. அத்திரையைத் தைக்கப் பயன்படும் நூல் தொப்புள்கொடி.

அக்கரைப் படகில் கூலிக்கு ஏறும் மீனவன் எமது எதிரி அல்லன். இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்கு இரையானவன் அவன்தான், முதலாளி அல்லன். 2024இல் ஓர் இலங்கைக் கடற்படை மாலுமியும் இராமேஸ்வரத்து மீனவர் ஒருவரும் வெவ்வேறு மோதல்களில் கடலில் இறந்தார்கள். இரு வீட்டிலும் அழுதவர்கள் ஏழைகள். 2004இலும் 2010இலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் பேசியபோது, இழுவைத் தொழிலைக் கைவிடுவது என்ற இணக்கம்வரை பேச்சு சென்றது. கரைக்காரர்களால் பேச முடிந்தது. அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவர்களுக்குத்தான் மனமில்லை.

4

இனி எமது வீட்டுக்குள் வருகிறேன். தமிழ்நாட்டுத் தமிழருக்கும் ஈழத்துத் தமிழருக்கும் இடையிலான இந்தத் தாவாவில் சோனகனுக்கு என்ன வேலை என்று எமது எழுத்தாள நண்பர்களே கேட்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய், 1990இல் எம்மைத் துரத்திய ஊரின் வலைக்காக நாம் ஏன் பேசவேண்டும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்து வெளியே வாழ்பவன் என்ற வகையில் இக்கேள்வியின் சூடு எனக்குத் தெரியும். இருந்தும் மறுமொழி சொல்கிறேன்.

முதலாவது, தொப்புள்கொடி உவமையால் அதிகம் அடிபட்ட சமூகம் நாம்தான். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றிக் கட்டுரை வாசித்தபோது, காயல்பட்டினத்திலிருந்து வந்த தமிழர்களே நீங்கள் என்றார். சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சு எழுந்திருந்த வேளை அது. உறவு சொல்லப்பட்டது ஆசனம் மறுக்கப்படுவதற்காக. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். அது தேவையான மறுப்பு. ஆனால் அவரும் ஒரு கொடியை அறுத்து இன்னொரு கொடியைத்தான் கட்டினார்: அரபு வம்சம். 1915 கலவரத்தில் கரையோரச் சோனகர்மீது வெறுப்பு பாய்ந்த பின்னர், அக்கரையிலிருந்து வந்தவர்களோடு எமக்கு ஒட்டும் உறவும் இல்லை என்று காட்டுவதில் எமது மேட்டுக்குடி அவசரப்பட்டது. குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் வேறு, இந்தியச் சோனகர் வேறு. இராமநாதனுக்கும் அஸீஸுக்கும் இந்நீர் பிறப்புச் சான்றிதழாகவே தெரிந்தது. அதில் தோணி ஓட்டியவர், முத்துக் குளித்தவர், கருவாடு ஏற்றியவர், ஓதிக் கொடுத்தவர் எவரும் இருவரது வாதத்திலும் மையமாக இல்லை.

இரண்டாவது, கடைமடையில் நிற்பது என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்துக்குள்ளேயே கற்றவர்கள் நாம். ஆறில்லாத நாட்டில் கிணறுதான் தலைமடை. நல்லூரிலிருந்த சோனகரைக் கிளப்புவதற்காக அவர்களது கிணறுகளில் பன்றி இறைச்சி போடப்பட்டதை யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியார் பொதுக்கிணற்றில் அள்ள முடியாதிருந்தது அண்மைக்கால வரலாறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசம். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். உறவென்று பேசப்பட்ட ஒரே மொழிக்காரர்களுக்குள் நடந்ததுதான் இது. ஆகவே உறவு நியாயத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு எம்மைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நாம் மௌனம் காக்க முடியாது. எமக்கு நடந்தது அநியாயம் என்று எந்த அளவுகோலால் சொல்கிறோமோ, அதே அளவுகோலால்தான் நெடுந்தீவுக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளியின் அறுந்த வலையையும் அளக்க வேண்டும். எருக்கலம்பிட்டிக்கும் விடத்தல்தீவுக்கும் திரும்பிவந்த எமது கடற்றொழிலாளரும் இறங்குவது அதே வழித்துத் துடைத்த கடலில்தான். மதீனாவில் ஸுபைர் (றழி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் வாய்க்கால் தண்ணீரில் வழக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பை நாம் அறிவோம்: மேலே இருப்பவர் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அயலவருக்கு விட்டுவிட வேண்டும். அங்கே ஸுபைர் நபியவர்களுக்கு மாமி மகன். நபியவர்களின் தீர்ப்பில் பேசியது அந்த உறவல்ல. மேல்மடையின் கடமையும் கீழ்மடையின் உரிமையும்.

5

நான் கேட்பவை இவைதான். அக்கரையில் இழுவைமடி முற்றாகக் கைவிடப்பட வேண்டும். கூலிக்கு ஏறுபவருக்கு மாற்றுத் தொழிலுக்கான செலவை அரசும் முதலாளிகளும் ஏற்க வேண்டும். கங்கைக்கும் சிந்துவுக்கும் ஆணைக்குழு அமைக்கத் தெரிந்த அரசுகள், இரு கரைக் கடற்றொழிலாளரும் வாக்குரிமையோடு அமரும் ஒரு நிரந்தரச் சபையைப் பாக்கு நீரிணைக்கும் அமைக்க வேண்டும். அந்தச் சபையில் மன்னாரின் முஸ்லிம் கடற்றொழிலாளிக்கும் கதிரை வேண்டும். வடக்கின் முஸ்லிம்களைத் திரும்பக் குடியமர்த்துவது பற்றி 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு எழுதியதைத் தாளில் இருந்து தரைக்குக் கொண்டுவர வேண்டும். கரையில் இடமில்லாதவனுக்கு ஆற்றில் பங்கு கிடையாது.

யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களிடம் கேட்பது ஒன்று. 1938இல் வல்வெட்டித்துறை அன்னபூரணி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையைப் பெருமையோடு எழுதுகிறீர்கள், எழுதத்தான் வேண்டும். அதே ஏட்டில் மரைக்காயரின் கலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எமது எழுத்தாளர்களிடம் கேட்பது இன்னொன்று. வம்சாவளி தேடி யெமனுக்கும் பக்தாதுக்கும் போவதை விட்டு, இக்கரையிலும் அக்கரையிலும் கடலோடு வாழ்ந்த கிழவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் போங்கள். எந்தத் துறையில் ஏறினார்கள், என்ன ஏற்றினார்கள், எந்தக் காற்றுக்குக் காத்திருந்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. துறைகள் திறக்கும்போது பேச்சுகளும் திறக்கும், மேடைகளும் முளைக்கும். அந்த மேடைகளில் யாராவது தொப்புள்கொடி என்று தொடங்கினால், எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: உறவு இருக்கட்டும் அண்ணே, இந்த நீரில் உங்கள் மடை எது, எங்கள் மடை எது?